முதல் வெடிக்கு முன்னே தள்ளியவள்

"தியாராப்! தியாராப்!"

மலாய்ச் சொல். குப்புறப் படு என்று அர்த்தம். கத்துகிறவள் ஆ லான். கத்தியபடியே என் பிடரியில் கை வைத்து வண்டியின் தரையில் அமுக்குகிறாள். என் நெற்றி இரும்பில் மோதுகிறது. அதற்குப் பிறகுதான் முதல் வெடி.

வரிசை முக்கியம். அவள் கை முதலில். வெடி பிறகு.

1952. செவ்வாய்க்கிழமை. காலை ஏழு ஐம்பது. கோலாலம்பூரிலிருந்து பதினோராம் மைல் கட்டை. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். எங்கள் வண்டி பிரசவ மருந்தகத்தின் வண்டி. உள்ளே நான்கு பேர். ஓட்டுபவர் முனியாண்டி. அவருக்குப் பக்கத்தில் யூசோப், எங்களுக்குக் காவல் வரும் பொலிஸ்காரன். பின்னால் நானும் ஆ லானும்.

வண்டியின் தகரத்தில் கல் விழுவது போலச் சத்தம். கண்ணாடி சரிகிறது. ஆ லான் என் முதுகின்மேல் கிடக்கிறாள். அவள் மூச்சு என் காதில் சுடுகிறது. நான் வெடிகளை எண்ணுகிறேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. பதினேழு. அதன்பின் இல்லை. எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருக்கிறது.

எட்டு ஐந்துக்கு இராணுவ லொறி வந்தது. எழுந்தோம். யூசோப் எழவில்லை. அவன் தலை முனியாண்டியின் தோளில் சாய்ந்திருந்தது. தூங்குகிறவன் போல. துவக்கு மடியிலேயே இருந்தது.

ஆ லான் என் நெற்றி இரத்தத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

வெடிக்கு முன்னரே இவளுக்கு எப்படித் தெரிந்தது?

என் பெயர் ஞானம்மா. ஊர் முல்லைத்தீவு. அப்பா கரைவலைக்காரர். யாழ்ப்பாணத்தில் மருத்துவிச்சிப் பயிற்சி எடுத்தேன். பெரியப்பாவின் மகன் கோலாலம்பூரில் ரயில்வேயில் இருந்தார். அங்கே மருத்துவிச்சிகளுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று எழுதினார். எனக்கு இருபத்தாறு வயது. கொழும்பில் கப்பல் ஏறினேன். அம்மா துறைமுகத்துக்கு வரவில்லை. வீட்டு வாசலில் வைத்தே சொன்னார்.

"அங்க சண்டை நடக்குதாம். தெரிஞ்சுகொண்டுதான் போறியோ?"

"காட்டுக்குள்ளதான் சண்டை, அம்மா. நான் பட்டினத்தில இருப்பன்."

பட்டினத்திலும் சண்டை இருந்தது. சத்தமில்லாமல் இருந்தது. கடைக்காரர் மீன் அடைத்த தகர ரின்னை விற்கும்போதே ஆணியால் குத்தி ஓட்டை போட்டுக் கொடுத்தார். அன்றே தின்ன வேண்டும். காட்டில் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை பிடிக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகக் கூடாது. அடையாள அட்டை இல்லாமல் வீட்டு ஒழுங்கையைத் தாண்ட முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பேசினால் நாங்கள் யன்னலுக்கு வெளியே பார்த்தோம். அண்ணன் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வீட்டில் இருந்தார். வந்த முதல் நாளே எனக்குச் சொன்னார்.

"இஞ்ச ஆரையும் நம்பாத. ஆர் எவனுக்குச் சொல்லுறான் எண்டு தெரியாது."

என் வேலை நகரத்துக்கு வெளியே ஒரு கம்பிவேலிக் குடியிருப்பில். காட்டோரத்தில் வாழ்ந்த சீனக் குடும்பங்களை அள்ளிவந்து அங்கே இருத்தியிருந்தார்கள். புதுக்கிராமம் என்று பெயர். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் புதுக்குடியிருப்பு இருக்கிறது. முதலில் பெயரைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. நேரில் பார்த்தபின் வரவில்லை. இரண்டு சுற்றுக் கம்பி. ஒரு வாசல். வாசலில் சார்ஜன்ட். காலையில் ரப்பர் பால் எடுக்கப் போகிறவர்களை வரிசையில் நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பிடி பச்சை அரிசி இருந்தாலும் சிறை.

ஆ லான் அந்தக் கம்பிக்குள் குடியிருந்தாள். எனக்கு உதவியாள். தண்ணீர் கொதிக்கவைப்பாள். சீனப் பெண்கள் சொல்வதை மலாயில் எனக்குச் சொல்வாள். என் வயதுதான். வாரத்தில் ஒருநாள் மருந்து எடுக்க என்னோடு நகரத்துக்கு வருவாள். புருஷன் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் செத்துப்போனான் என்றாள். வாசற் பதிவிலும் அப்படித்தான் இருந்தது. கைம்பெண். தனியாள்.

ஒன்றரை வருடம் அவளோடு வேலை செய்தேன். அறுபதுக்கு மேல் பிள்ளைகளை எங்கள் நான்கு கைகள் எடுத்தன. அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் அவளைப் பற்றி ஒரு கேள்வியும் எனக்குள் எழவில்லை.

அதற்குப் பிறகு கேள்வியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

பார்க்கத் தொடங்கினேன். மத்தியானம் சோற்றைப் பாதியில் நிறுத்துகிறாள். மீதியை இலையில் சுற்றி வைக்கிறாள். ஆருக்கு? காலையில் இரண்டு மூன்று தடவை மருந்தகத்தின் பின்புறம் போகிறாள். பின்புறம் கம்பி வேலி. வேலிக்கு அப்பால் காடு. ஒருநாள் பின்னாலேயே போனேன். வேலியைப் பிடித்துக் குனிந்து நிற்கிறாள். என்னைக் கண்டதும் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்கிறாள். "வெயில், மிஸி" என்கிறாள். தாதிகளை அங்கே மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு வெயில் இல்லை. மழை மூட்டம்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை அவள் இடுப்பைப் பார்த்தேன். தளர்ந்த சட்டைக்குள் ஏதோ சுற்றிக் கட்டியிருந்தாள். கை உயர்த்தி மேல்தட்டில் போத்தலை வைக்கும்போது தெரிந்தது. தடிப்பாக. இறுக்கமாக.

அரிசி என்று நினைத்தேன்.

நான் மருத்துவிச்சி. சோறு இறங்காத பெண்ணை நூறு தடவை பார்த்தவள். காலையில் வாந்தி எடுக்கும் பெண்ணை நூறு தடவை பார்த்தவள். அரிசி என்றுதான் நினைத்தேன்.

அன்று பின்னேரம் அண்ணனிடம் சொன்னேன். அவர் கதிரையை இழுத்து என் முன்னால் போட்டார். அண்ணி குசினிக் கதவைச் சாத்தினார்.

"வெடிக்கு முந்தி உன்னைத் தள்ளினவள் எண்டு பொலிசுக்குச் சொன்னனியோ?"

"இல்லை."

"ஏன் சொல்லேல்லை?"

"அவள் என்னைக் காப்பாத்தினவள், அண்ணை."

"இஞ்ச பார் ஞானம். நாளைக்கு அவளைப் பிடிச்சா உன்னையும் சேர்த்துத்தான் கேப்பாங்கள். தெரிஞ்சும் ஏன் மறைச்சனி எண்டு. எனக்கு ரயில்வே உத்தியோகம். ரெண்டு பிள்ளையள். தெரிஞ்சதைச் சொல்லிப்போட்டு வந்திடு."

புதன்கிழமை. காலை ஏழு பத்து. வாசலில் சார்ஜன்டிடம் ஒரு வசனம் சொன்னேன். "என் உதவியாள் இடுப்பில் எதையோ கட்டியிருக்கிறாள்." அவ்வளவுதான். குரல் நடுங்கவில்லை. அதை இன்றுவரை மறக்கவில்லை.

பெண்களைச் சோதிக்க ஒரு பொலிஸ்காரி இருப்பாள். அன்று அவள் வரவில்லை. சார்ஜன்ட் என்னைப் பார்த்தார்.

"நீயே சோதித்துப் பார்."

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கித்தான் மறைப்பு. உள்ளே ஆ லானும் நானும். அவள் தானே சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். இடுப்பில் வெள்ளைத் துணி. நான் முடிச்சை அவிழ்க்கிறேன். ஒரு சுற்று. இரண்டு சுற்று. ஐந்து சுற்று. துணி கீழே விழுகிறது. அரிசி இல்லை.

வயிறு. ஐந்து மாதம். கை வைக்காமலே தெரிந்தது. பழக்கத்தில் கை வைத்தேன். உள்ளே அசைந்தது.

ஆ லான் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மிஸி. வேலை போய்விடும் என்று மறைத்தேன். சொல்லாதீர்கள்."

வெளியே சார்ஜன்டின் சப்பாத்துச் சத்தம். "என்ன இருக்கிறது?"

ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். மலாயில் இரண்டு சொல். எனக்கு அந்த இரண்டு சொல்லும் தெரியும். ஆனால் அந்த நேரத்திலும் என் மனதில் ஓடியது வேறு. புருஷன் இல்லாதவளுக்கு இது எப்படி? வெடிக்கு முன்னர் எப்படித் தெரிந்தது? இரண்டுக்கும் ஒரே பதில் என்று தோன்றியது. காட்டுக்குள் ஒருவன் இருக்கிறான்.

"அரிசி இல்லை" என்றேன்.

"பிறகு என்ன?"

"கர்ப்பம்."

வெளியே பதிவுப் புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. கைம்பெண். தனியாள். சார்ஜன்ட் வேறு எதுவும் கேட்கவில்லை. ஏழு முப்பத்தைந்துக்கு அவளை லொறியில் ஏற்றினார்கள். ஏறும்போது கால் வழுக்கியது. யாரும் கை கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை.

குடியிருப்பின் வாசலை மூன்று நாள் பூட்டினார்கள். ஆரும் வேலைக்குப் போகக் கூடாது. அந்தப் பிள்ளையின் அப்பன் ஆர் என்று தெரியும்வரை அரிசி பாதி. ஆரும் எதையும் சொல்லவில்லை. அவன் காட்டில் இருந்தவனா, கம்பிக்குள் இருந்தவனா என்று எனக்கு இன்றும் தெரியாது. நான்காம் நாள் மருந்தகத்தைத் திறந்தேன். ஆரும் வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. பிறகு ஒருத்தி வந்தாள். நிறைமாதம். வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். சட்டையை வயிற்றுக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் போனாள்.

ஒரு மாதம் கழித்து முனியாண்டியிடம் கேட்டேன். வண்டி கழுவிக்கொண்டிருந்தார். யூசோப் இருந்த இருக்கையில் புதுத் துணி போட்டிருந்தது.

"முனியாண்டி அண்ணை, அண்டைக்கு வெடிக்கு முந்தி ஆ லான் என்னைத் தள்ளினாள். அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"என்ன மிஸி கேக்குறீங்க? வளைவுல மரத்தை வெட்டிப் போட்டிருந்தாங்களே. நான் பாத்துட்டுத்தான் பிரேக் அடிச்சேன். யூசோப் பாத்தாரு. ஆ லானும் பாத்துச்சு. ரோட்டுல மரம் கெடந்தா என்னன்னு இங்க சின்னப் புள்ளைக்கும் தெரியும். நீங்கதான் தலையக் குனிஞ்சு லெட்டர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க."

ஓம். அம்மாவின் கடிதம். முதல் நாள் வந்தது. மூன்றாம் தடவை படித்துக்கொண்டிருந்தேன். எழுந்தபின் மரத்தை நானும் கண்டேன், அவள் அதை முன்னரே கண்டிருப்பாள் என்று மட்டும் நினைக்கவில்லை. அந்தக் கடிதம் என் மடியில் இருந்ததை நான் ஒரு தடவையும் நினைத்துப் பார்க்கவில்லை. அவளை மட்டுமே நினைத்தேன்.

"அதைப் புடிச்சிக்கிட்டுப் போனது உங்களாலயா மிஸி?" முனியாண்டி மெதுவாகக் கேட்டார். அவர் வாளியை எடுத்துக்கொண்டு வண்டியின் மற்றப் பக்கம் போய்விட்டார். அதன்பின் வேலைக்கு வேண்டியதைத் தவிர என்னோடு கதைக்கவில்லை.

தடுப்பு முகாமுக்கு இரண்டு தடவை போனேன். சொந்தக்காரியா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். வாசலோடு திருப்பினார்கள். மூன்றாம் தடவை போனபோது எழுத்தர் ஒருவர் பட்டியலைப் பார்த்துச் சொன்னார். சீனாவுக்குக் கப்பல் ஏற்றியாகிவிட்டது. அவள் பிறந்தது மலாயாவில். சீனாவைப் பார்த்ததே இல்லை என்று ஒருநாள் பஞ்சு சுருட்டிக்கொண்டு எனக்குச் சொன்னவள். நான் மாதத்தைக் கணக்குப் பார்த்தேன். ஏழு முடிந்திருக்கும். கப்பலில் எத்தனை நாள் என்று கேட்டேன். எழுத்தர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வேலையை விட்டேன். அண்ணன் மறித்தார். "நீ பிழையா ஒண்டும் செய்யேல்லை" என்றார். பல தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

முல்லைத்தீவுக்கு வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வாடைக் காற்று. வள்ளங்கள் எல்லாம் கரைக்கு இழுத்துவிடப்பட்டுக் கிடந்தன. மலாயாவுக்குப் போனவள் இரண்டு வருடத்தில் திரும்புவதில்லை. கலியாணம் இல்லாமல் திரும்புவதே இல்லை. கோயில் முற்றத்தில் பெண்கள் என்னோடு நன்றாகத்தான் கதைத்தார்கள். கதைக்கும்போது கண் என் இடுப்பில் நின்றது. நான் சேலையை எப்படிக் கட்டுகிறேன் என்று பார்த்தார்கள். கிணற்றடியில் வாளி தூக்கும்போது பார்த்தார்கள். என்னைப் பார்க்காதது போல் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். அதே பார்வையால்தான் நானும் ஆ லானைப் பார்த்தேன்.

ஒருநாள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். உண்மையைச் சொல்லு பிள்ளை. அங்க என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை, அம்மா."

"படுக்கேக்க வாய் பிதற்றுறாய். ஐஞ்சு மாசம், ஏழு மாசம் எண்டு எண்ணுறாய்." அம்மா விறகை உள்ளே தள்ளினார். "பிள்ளையை என்ன செய்தனி?"

கத்தி கையில் நின்றது.

"அது என்ர பிள்ளை இல்லை, அம்மா."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நம்பவில்லை. எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். "சரி விடு. ஆண்டவர் மன்னிப்பார்" என்றார். செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கிடைத்தது. செய்ததை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு முன் அம்மா காலமாகிவிட்டார்.

இப்போது புதுக்குடியிருப்பில் இருக்கிறேன். அரசாங்க மருந்தகத்தில் மருந்து கட்டிக் கொடுக்கிறேன். மலாயாவில் சண்டை முடிந்துவிட்டது என்று பத்திரிகையில் போட்டார்கள். வென்றவர்கள் எத்தனை பேரைக் கொன்றோம், எத்தனை பேர் சரணடைந்தார்கள் என்று கணக்குக் கொடுத்தார்கள். என்னிடம் இருக்கும் கணக்கை யாரும் கேட்கவில்லை. எழுதி வைக்கிறேன்.

யூசோப். பொலிஸ்காரன். வயது இருபத்திரண்டு. பதினோராம் கட்டையில் செத்தான். சுட்டது காட்டில் இருந்தவர்கள்.

மூன்று நாள் அரைப்பட்டினி கிடந்த வீடுகள் நூற்றுப் பன்னிரண்டு. பட்டினி போட்டது அரசாங்கம். வாயைத் திறந்தது நான்.

என்னிடம் வராமல் வீட்டிலேயே பெற்ற பெண்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் தப்பினார்கள், தெரியாது. என் வேலையை நான் விட்டேன். அதன்பின் நான் ஒரு பிரசவமும் பார்க்கவில்லை.

ஆ லான். வயது இருபத்தெட்டு. என்மேல் விழுந்து என்னை மூடியவள். உயிரோடு இருக்கிறாளா, தெரியாது.

அவள் வயிற்றில் இருந்தது. ஆணா, பெண்ணா, தெரியாது. பிறந்ததா, தெரியாது. அது அசைந்ததைத் தொட்டுப் பார்த்த கை என்னுடையது. கணக்கில் ஒன்று என்று எழுதுகிறேன்.