முதல் காலடிக்கு ஒரு காபி

– என்னது, கேக்காமலே காபி வருது?

– குடிங்களேன்.

– கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்படி நடந்ததே இல்லையே... ஏதோ இருக்கு.

– ஒண்ணுமில்லைங்க. சர்க்கரை போதுமா?

– பேச்சை மாத்தாத. நீ தோண்டுற ஏரியில ஏதாவது...

– வத்திப்போன ஏரிங்க அது. அந்தக் காலடித் தடத்துக்கு அடியில கிடைச்ச விதையை லேபுக்கு அனுப்பியிருந்தேன்ல... இப்பதான் போன் பண்ணாங்க.

– ஓ! எத்தனை ஆயிரம் வருஷமாம்? பதிமூணுதானே?

– கொஞ்சம் கூட...

– பதினாலு?

– ஏறுங்க.

– பதினஞ்சு... பதினாறு? ஏய், என்ன ஏலமா விடுற?

– இருபத்திரெண்டு.

– சும்மா இரு! நாம வந்து குடியேறின இந்தக் கண்டத்துல மனுஷன் கால் வச்சே பதிமூணாயிரம் வருஷம்தான். என் புத்தகத்துலயே...

– உங்க புத்தகத்தைப் படிச்சிட்டா அந்தத் தடத்துக்காரி நடந்தா? இடுப்புல பிள்ளையோட போயிருக்கா. கை வலிச்சிருக்கும்போல, நடுவுல இறக்கி விட்டிருக்கா... குட்டிப் பாதம் அப்படியே பதிஞ்சிருக்கு.

– விதை தண்ணிச் செடியோடது. அது தண்ணியில கரைஞ்ச பழைய கார்பனை உறிஞ்சி வயசைக் கூட்டிக் காட்டும்.

– தெரியும். அதான் கரையில நின்ன மரத்தோட மகரந்தத்தையும் அனுப்பினேன்.

– அது...?

– அதுவும் இருபத்திரெண்டுதான்.

– அப்ப என் புத்தகம்...

– கோவமா?

– காபி ஆறிடுச்சு.

– வெள்ளிக்கிழமை அந்தப் புத்தகத்துக்குத்தானே உங்களுக்குப் பாராட்டு விழா... அது முடியிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு லேப்ல சொல்லிட்டேன். எவ்வளவு நாளா காத்துக்கிட்டு இருந்தேன்... இப்ப சந்தோஷப்படவே பயமா இருக்குங்க.

– அசடு! மேடையில என்ன பேசப்போறேன்னு கேளு. "நான் எழுதினது தப்பு. கண்டுபிடிச்சது என் பொண்டாட்டி." எப்படி?

– அதுக்குள்ளயா யோசிச்சீங்க?

– மத்தியானமே எழுதிட்டேன்.

– மத்தியானமா?

– காலையில வீட்டு போனுக்குக் கூப்பிட்டாங்க. "டாக்டர் இருக்காங்களா"ன்னு கேட்டாங்க. நானும் பட்டம் வாங்கின டாக்டர்தானே... "நான்தான்"னேன். மொத்தத்தையும் கொட்டிட்டாங்க. அப்புறம்தான் "நான் புருஷன், எனக்குத் தெரியும்னு காட்டிக்காம அவகிட்டயும் சொல்லுங்க"ன்னேன்.

– அய்யய்யோ... கோவமே வரலையா?

– வந்துச்சு. மத்தியானம் வரைக்கும். அப்புறம் உன் மேஜையில அந்தக் குட்டிப் பாதம் போட்டோவைப் பார்த்தேன்... அந்தப் பாதத்தோட எவ்வளவு நேரம்தான் சண்டை போடுறது?

– அடப் பாவி மனுஷா! எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேவா பதினாலு, பதினஞ்சுன்னு ஏலம் கேட்டீங்க?

– பின்ன? நீ கண்டுபிடிச்சதை நீதானே சொல்லணும்... அது சரி, இன்னொரு காபி கேக்காமலே வருமா?