அரை இடம் நகர்ந்த வரிசை

பேச எழுந்தவனுக்குப் பதினைந்தே நிமிடம் என்று கண்ணாலேயே கணக்குச் சொல்லிவிட்ட அவைத்தலைவர், எங்கள் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே! சுருக்கமாகப் பேசி, சூடாகக் கைதட்டல் வாங்கி, எனக்குச் சோதனை வைத்துவிட்டுப் போன முன்னைப் பேச்சாளர்களே! பெற்று வளர்த்து, பெருக்கல் வாய்பாட்டையும் ஊட்டிவிட்ட தாய்மார்களே! கணிதக் கண்காட்சியைக் காண வந்து, காற்றாடிக்குக் கீழே இடம் பிடித்த கெட்டிக்காரப் பெரியோர்களே! இடமே கிடைக்காமல் கதவோரம் நிற்கும் பொறுமைசாலிகளே! உங்கள் அனைவருக்கும் இந்தக் கணக்கு வாத்தியாரின் கனிவான வணக்கம்.

ஒரு கருத்து எங்கே பிறக்கிறது? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. ஆள் பிறந்தால் சான்றிதழ் உண்டு. ஆறு பிறந்தால் அதற்கொரு மலை உண்டு. கருத்துப் பிறந்தால் என்ன உண்டு? வட்டத்தை முதலில் வரைந்த கை எது? ஒன்றுமில்லாததற்கும் ஒரு குறி வேண்டும் என்று சுழியம் போட்ட விரல் எது? நுண்கணிதத்தை இருவர் தனித்தனியே கண்டார்கள். எனதே எனது என்று அவர்களும் அடித்துக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு அவர்களுடைய ஆட்களும் அடித்துக்கொண்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? அந்தச் சண்டைக்கு ஒரு தம்பி உண்டு. அது இதே மண்டபத்தில், இதே முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது!

இடது கோடியில் பாருங்கள், அடுமனை நடத்தும் பன் மாஸ்டர். வலது கோடியில் பாருங்கள், தகர டப்பாக்களுக்கு மூடி வெட்டும் பட்டறையின் மூடி மாஸ்டர். பன் மாஸ்டர் மகளைத்தான் மூடி மாஸ்டர் மகன் கட்டியிருக்கிறார். சம்பந்திகள்! மூன்று ஆண்டுகளாக இருவருக்கும் பேச்சில்லை. மகள் வீட்டுக்குள் ஒருவர் நுழைந்தால் மற்றவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நம் பள்ளியில் படிக்கும் பேத்தி, அதன் பிறகு ஒருநாளும் இரண்டு தாத்தாக்களையும் ஒரே வீட்டில் சேர்த்துப் பார்த்ததில்லை. அந்தப் பேத்தியிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் ஐயா பேசுகிறேன், என்னை முறைக்காதீர்கள்!

சண்டை எதற்கு? நிலத்துக்கா? நகைக்கா? ஒரு வரிசைக்கு! ஒரு சதுரத்தில் வட்டங்களை எட்டுக்கு எட்டாக நேராக அடுக்கினால் அறுபத்து நான்கு. இரண்டாம் வரிசையை அரை இடம் நகர்த்தி, முதல் வரிசையின் இடுக்குகளில் பொருத்துங்கள். வரிசைகள் நெருங்கும். எட்டு வரிசை இருந்த இடத்தில் ஒன்பது வரிசை! நகர்ந்த வரிசைக்கு ஏழுதான் என்றாலும் மொத்தம் அறுபத்தெட்டு! அதே சதுரம், அதே வட்டம், நான்கு அதிகம்! மூன்றாவது மேசையில் பேத்தி மூடிகளை அடுக்கியே காட்டியிருக்கிறாள்.

என்ன, பின்னாலிருந்து ஒரு குரல்? தேன்கூட்டில் தேனீ முன்பே இப்படி அடுக்கிவிட்டதா? பலே! தேனீ வழக்குப் போட்டால் நாம் எல்லோருமே உள்ளே போகவேண்டியதுதான். சாட்சிக்கு அழைத்தால் கொட்டும், விட்டுவிடுங்கள்.

பேத்தியின் பிறந்தநாள் சாப்பாட்டில் யாரோ இந்த அடுக்கைப் புகழ்ந்துவிட்டார்கள். "என் யோசனை!" என்றார் பன் மாஸ்டர். "என் யோசனை!" என்றார் மூடி மாஸ்டர். ஒரே நேரத்தில்! அத்தோடு முடிந்தது உறவு.

சென்ற வாரம் பேத்தி தன் கண்காட்சி விளக்க அட்டையோடு என்னிடம் வந்தாள். எல்லாம் முத்து முத்தாக எழுதியிருந்தாள். 'கண்டுபிடித்தவர்' என்ற சொல்லுக்கு எதிரே மட்டும் வெறும் கோடு.

"ஏம்மா இதைக் காலியா விட்டுட்டே?"

"ஒரு தாத்தாவைப் போட்டா, இன்னொரு தாத்தா எங்க வீட்டுப் பக்கமே வரமாட்டார் சார். யாருன்னு நீங்களே சொல்லுங்க."

முப்பது ஆண்டு கணக்குப் போட்டவன், இந்தக் கணக்குக்கு விடை தேடிக் கிளம்பினேன்.

முதலில் மூடி மாஸ்டரின் பட்டறைக்கு நடந்தேன். யார் என்று கேட்டால் எல்லோருக்கும் நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது. அதனால் வேறு கேள்வி கேட்டேன். "மாஸ்டர், வரிசையை மாத்தினீங்களே, அதுக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சு?" அவர் இயந்திரத்தை நிறுத்தி, காதிலிருந்த பஞ்சை எடுத்தார்.

"மூடி வெட்டின ஓட்டைத் தகட்டை அடுமனைக்குக் கொடுப்போம் சார், பன் ஆற வைக்க. அதை எடுக்க ஒரு பொண்ணு சைக்கிள்ல வரும். அன்னைக்கு அது நின்னு பார்த்துட்டு, 'ஓட்டைக்கு நடுவுல இவ்வளவு தகரம் வீணாத்தானே போகுது'ன்னு கேட்டுச்சு. ராத்திரி சோறு இறங்கல. மறுநாள் தள்ளி வெட்டினேன்."

பன் மாஸ்டர், எங்கே எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள், உங்கள் பக்கம் வருகிறது!

அடுமனைக்குப் போனேன். அதே கேள்வி. மாவுக் கையோடு சொன்னார்: "புதுத் தகடு வந்துச்சு. அதுல இருந்தது வெறும் ஓட்டைங்க சார். அந்த வரிசையில மாவு உருண்டையை வெச்சா தட்டுக்கு நாலு பன் கூடும்னு பார்த்தது என் கண்ணு!"

"அதுக்கும் முந்தி?"

"அதுக்கு முந்தி என்ன, ஓட்டைக்கு நடுவுல தகரத்து மேல உக்கார்ற சூட்டுப் பன்னுக்கு ஆவியில அடி நனைஞ்சு போகுதேன்னு வீட்ல புலம்பிட்டு இருந்தேன்."

யாரிடம் புலம்பினார்? மகளிடம்! தகடு எடுக்கச் சைக்கிளில் போன பெண் யார்? அதே மகள்! சம்பந்தி பேச்சு வாயில் வரக்கூடாது என்றுதான் மூடி மாஸ்டர் தன் மருமகளையே 'ஒரு பொண்ணு' என்றார். பிற்பாடு அந்தச் சைக்கிள் தகடே இல்லாத நாளிலும் பட்டறைக்குப் போனது, மூடி மாஸ்டரின் மகன் அங்கே இருந்தார் என்பது வேறு வரலாறு.

அப்பாவின் வாயில் அது நனைந்த பன். மகளின் வாயில் அது வீணான தகரம். மூடி மாஸ்டரின் கையில் அது நகர்ந்த வரிசை. மீண்டும் அப்பாவின் கண்ணில் அது நிறைந்த தட்டு! புலம்பல் கேள்வியாகி, கேள்வி வேலையாகி, வேலை விடையாகி வந்திருக்கிறது. இதில் எந்த இடத்தில் கோடு கிழித்து, இங்கேதான் பிறந்தது என்பீர்கள்?

மகளிடமே கேட்டேன். "இத்தனை வருஷமா ஏம்மா நீ வாயைத் திறக்கல?"

"என்னை யாரும் கேக்கலையே சார்."

பெருமக்களே, அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பது ஆண்டுகளாகக் கண்டவர் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன், காலத்தைச் சொல்லிக் கொடுத்தேன். முந்தின நாள் யார் புலம்பினார், அதை யார் சுமந்து போனார் என்று ஒருநாளாவது கேட்டேனா? நட்சத்திரத்தை எண்ணியவருக்கு விளக்குப் பிடித்தவர் யார்? நிலத்தை அளந்தவருக்குக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவர் யார்? கயிற்றுக்கு இரண்டு முனை உண்டு என்பதையே மறந்துபோனோமே!

இன்று காலை பேத்தி 'கண்டுபிடித்தவர்' என்ற சொல்லை அழித்துவிட்டு எழுதியதைப் படிக்கிறேன். 'புலம்பியவர், அம்மாவின் அப்பா. கேட்டவர், அம்மா. நகர்த்தியவர், அப்பாவின் அப்பா. தட்டில் பார்த்தவர், மறுபடியும் அம்மாவின் அப்பா.'

கைதட்டலைக் கொஞ்சம் நிறுத்துங்கள். கேட்டவர் எங்கே? அதோ, கதவோரம் நிற்கிறார். இடமில்லையாம்! அறுபத்தெட்டைக் கண்ட குடும்பத்தில் ஒருவருக்கு இடமில்லையாம்! முதல் வரிசையில் நாற்காலிக்கு நாற்காலி அரை அரை இடமாக வீணாகக் கிடக்கிறதே, உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா?

அடடே! நாற்காலி இழுபடுகிறது! வலது கோடி நகர்கிறது. என்ன சொன்னார் மூடி மாஸ்டர்? பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? ஒலிபெருக்கியில் நான் சொல்கிறேன். "சம்பந்தி, கொஞ்சம் தள்ளுங்க, பொண்ணு நிக்குது" என்கிறார்! மூன்று ஆண்டுகளில் முதல் வார்த்தை!

இடது கோடியும் நகர்கிறது. "தள்ளிட்டேன் சம்பந்தி, நடுவுல ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க" என்கிறார் பன் மாஸ்டர்!

வாம்மா, வந்து உட்கார். பேத்தியை மடியில் வைத்துக்கொள்.

தலைவர் அம்மையார் கடிகாரத்தைப் பார்க்கிறார். பொறுத்த உங்களுக்கும், நகர்ந்த அவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!