எதிலும் சேராதது

"அப்பா, எதுலயும் சேராத கம்பளத்தை என்ன பண்ணுவீங்க?" என்று என் மகள் சின்னவளாக இருந்தபோது ஒருநாள் கேட்டாள். விடுமுறையென்று கிடங்குக்குக் கூட்டிப்போயிருந்தேன்.

கம்பளங்களை வகை பிரிப்பது என் வேலை, ஐயா. நடுவே ஒரே பெரிய பூ இருந்தால் ஓர் அடுக்கு. கட்டம் கட்டமாகத் தோட்டம் என்றால் வேறு அடுக்கு. மரத்துக்கும் வேட்டைக் காட்சிக்கும் தனித்தனியே உண்டு. எதிலும் சேராததன் ஓரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுவேன். அதை வெட்டி மிதியடியாக்கிவிடுவார்கள்.

மகள் நான் கோடு போட்ட ஒன்றின் எதிர்ப்பக்கம் போய் நின்றாள். "மரம்பா இது. நீங்கதான் தலைகீழா நின்னு பாத்திருக்கீங்க" என்று சிரித்தாள். உண்மைதான். ஆனால் போட்ட கோட்டை அழிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

என் அண்ணனைப் பற்றிக் கேட்டீர்கள். சிறுவயதில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது, யாரும் நுழையாத அறையில் என் பக்கத்திலேயே படுத்து விசிறியவர் அவர். வளர்ந்த பிறகு என் வேலையைக் கேலி செய்வார். "என்னடா பூக்கணக்கு, இன்னிக்கு எந்தப் பூவை எந்த வீட்டுல குடிவெச்ச?" என்பார்.

பக்கவாதம் வந்ததும் அந்தப் பேச்சு போயிற்று. கை கொஞ்சம் அசையும். நான் உள்ளே போனால் வாய் கோணும், ஒரே ஒரு சத்தம் வரும்.

"உங்களைத்தான் கூப்பிடறாரு தம்பி. பூக்கணக்குன்னு சொல்ல வராம 'பூ'ங்கறாரு. சிரிக்கிறதைப் பாருங்க" என்றார் அண்ணி.

எனக்கு அது 'போ' என்று கேட்டது. போகவேண்டும் என்கிறார். அது சிரிப்பல்ல, வலி. பேச்சு திரும்பலாம் என்று மருத்துவர் சொன்னார். பாவம், ஆறுதலுக்குச் சொன்னார். உயிரோடு இருப்பவரோடும் சேராமல், போனவரோடும் சேராமல் என் அண்ணன் கிடந்தார். வகை பிரித்துப் பழகிய கண்ணுக்கு அது தாங்கவில்லை.

அன்று மாலை அண்ணியிடம், "கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வாங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்றேன். பல நாள் கழித்து அன்றுதான் அவர் தெருவைப் பார்த்தார். இப்படிச் சின்னச் சின்ன உதவிகளில்தான் கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறவன் நான்.

அண்ணனின் தலையைக் கோதிவிட்டேன். கடவுளைக் கும்பிட்டேன். பிறகு தலையணையை அவர் முகத்தில் வைத்து அழுத்தினேன். அந்தக் காய்ச்சல் அறையில் அவர் செய்ததை யாரும் பார்க்கவில்லை. நான் திருப்பிச் செய்ததற்கும் சாட்சி இல்லை.

என் மணிக்கட்டில் இருக்கும் நகக்கீறலைப் பற்றிக் கேட்கிறீர்கள். அசையும் கையால் அவர் என்னை இறுகப் பிடித்துக்கொண்டார், ஐயா. வெகுநேரம் விடவில்லை.

அதை நன்றி என்ற வகையில் சேர்த்திருக்கிறேன்.