மூணாவது டாங்கி

கொஞ்சம் நெருங்கி உக்காருங்க. சத்தமாச் சொல்ற கதை இல்ல இது. நம்ம ஜெபாவோட சித்தப்பா மகன் வினோத்ராஜ் இருக்கான்ல, போடியில ஏலக்காக் கடை... அவனுக்கு நடந்தது.

போன ஆடி மாசம். சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். லோயர் கேம்ப் தாண்டி குமுளிக்கு ஏறுற மலை ரோடு. எந்நேரமும் ஜீப்பும் லாரியுமாப் போற ரோட்டுல அன்னைக்கு ஒரு வண்டி இல்ல. சாரல். எதிர்ல வர்ற வளைவு தெரியாத அளவுக்கு மூட்டம். வினோத் தன்னந்தனியா பைக்குல ஏறிக்கிட்டு இருக்கான்.

போறது கர்ணனைப் பாக்க. கர்ணன் கூடலூர்ப் பக்கம், திராட்சைத் தோட்டத்துக்காரக வீட்டுப் பையன். ரெண்டு பேரும் பெங்களூருல ஒரே ரூம்ல கெடந்து, ஒரே எடத்துல பீர் காய்ச்சக் கத்துக்கிட்டவங்க. திரும்பி வந்து சேந்து தொழில் பண்றதாத்தான் பேச்சு. ஆனா வினோத் வீட்ல சர்ச்சு, ஜெபம்னு இருக்குற குடும்பம். அவங்கப்பா ஒரே வார்த்தையில முடியாதுன்னுட்டாக. இவன் ஏலக்கா தரம் பிரிக்க உக்காந்துட்டான். கர்ணன் தனியா மலையேறி, ஒரு சின்ன பாரோட பின்கட்டுல சொந்தமாக் காய்ச்ச ஆரம்பிச்சுட்டான். "வந்து பாரு மாப்ள"ன்னு போன் மேல போன்.

அது ஓடலைன்னு கேள்விப்பட்டிருந்தா வினோத் என்னைக்கோ போயிருப்பான். ஓடுச்சு. அதான் அதுவரைக்கும் போகல.

குமுளியில அந்த பார் சாதாரணமானதுதான். அந்தத் தெரு ஆளுக கப்பக்கெழங்கும் மீன் கறியும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்காக. ஆனா எல்லார் கையிலயும் கர்ணன் காய்ச்சுனது. செவத்துல பலகை... 'கர்ணனின் பன்னீர் திராட்சை பீர்'. பீருக்குப் பன்னீர் திராட்சை போடலாம்னு அந்த ரூம்ல ஒரு நாள் சொன்னதே வினோத்துதான். ஒரு மடக்கு குடிச்சான். நல்லா இருந்துச்சு. தான் காய்ச்சியிருந்தாக்கூட இப்படி வந்திருக்காதுன்னு தோணுச்சு. வயிறு எரிஞ்சு போச்சு அவனுக்கு.

கர்ணன் பின்கட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். பழைய பால் டாங்கிய மாத்தி வச்ச மூணு பெரிய ஸ்டீல் டாங்கி. மேல ஆள் எறங்குற அளவுக்கு வாய், அதுக்கு மூடி. அவிச்ச பார்லி வாடை, புளிச்ச மாவு வாடை. ரெண்டு டாங்கியில பீர் பொங்கிட்டு இருக்கு. குழா வழியா வாளித் தண்ணியில காத்து வந்து... பொளக்... பொளக்... மூணாவது டாங்கி அன்னைக்குத்தான் வடிச்சது. காலி. பக்கத்துல ஒரு காத்தாடி.

"இதை மட்டும் கழுவணும். இரு, வந்துர்றேன்"ன்னு, முன்னால யாரோ கூப்பிட்டாகன்னு கர்ணன் போயிட்டான்.

அப்பத்தான் வினோத் பாத்தான். பார்லி அவிச்ச ஆவிக்குள்ள ஒரு ஆளு. ரப்பர் பூட்ஸ். தொப்பிய மொகத்துக்கு எறக்கி விட்டுட்டு, குனிஞ்சு குழாய சுத்திக்கிட்டு இருக்கான்.

"நல்லாருக்கா?"ன்னு அந்த ஆளு கேட்டான்.

"ம்."

"அவன் பேரு போட்டிருக்கு."

வினோத்துக்கு அந்தக் கொரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு... எங்கனன்னு தெரியல.

"காத்தாடிய நான் நிறுத்திட்டேன். நீ சும்மா இருந்தாப் போதும்."

கவனமாக் கேளுங்க. பீர் புளிக்கிறப்ப ஒரு காத்து உண்டாகும். வாடை கெடையாது. கனமானது, டாங்கிக்கு அடியிலயே தங்கிரும். காத்தாடி வச்சு அதை வெளியேத்தாம உள்ள எறங்குனா, ரெண்டு மூச்சுல ஆளு விழுந்துருவான். பெங்களூருல அவங்களுக்குச் சொல்லிக் குடுத்த மொதப் பாடமே அதுதான்.

வினோத் சுவிட்சப் பாத்தான். அணைச்சிருந்துச்சு.

கர்ணன் திரும்பி வந்தான். சட்டையக் கழட்டுனான். பிரஷ் எடுத்தான். "மத்தியானமே காத்தாடியப் போட்டு விட்டுட்டேன் மாப்ள. ஒரு நிமிசத்துல தேச்சுட்டு வந்துர்றேன்." ஏணியில ஏறி, காலை உள்ள விட்டான்.

'எறங்காதடா.' தொண்டை வரைக்கும் வந்துச்சு. வெளிய வரல. வராம இல்ல... விடல அவன். அந்த எடம், அந்தப் பலகை, அந்த ருசி. ஒரு நிமிசம் பேசாம நின்னா...

உள்ள பிரஷ் தேய்க்கிற சத்தம். சரக்... சரக்... நின்னுருச்சு. வாளியில பொளக் சத்தமும் நின்னுருச்சு. பின்கட்டே அமைதி.

என்ன வந்துச்சோ, பாஞ்சு ஏணியில ஏறிட்டான். மூச்சப் பிடிச்சுக்கிட்டுத் தலைகீழாத் தொங்கி, கர்ணன் கையப் பிடிச்சு இழுத்தான். மூடி முதுகுல வந்து இடிக்குது. தோளால தள்ளிக்கிட்டே இழுத்தான். சத்தம் கேட்டு பார்க்காரக ஓடி வந்து ரெண்டு பேரையும் எறக்குனாக.

கர்ணனுக்கு மொகம் நீலம் பாரிச்சிருந்துச்சு. வாசல்ல போட்டு, காத்துப் பட்டு, இருமி, மெதுவாக் கண்ணு தெறந்தான். வினோத் அழுகுறான். "அந்த ரப்பர் பூட்ஸ்காரன் எங்கடா? உன் ஆளு?"

"என் ஆளா? இங்கன நான் ஒருத்தன்தான் மாப்ள."

கர்ணன் செவத்தப் பிடிச்சு எந்திரிச்சு உக்காந்தான். பெறகு கேட்டான்.

"நான் உள்ள கெடந்து மேல பாத்தேன். வாய்க்கிட்ட ரெண்டு தலை தெரிஞ்சுச்சு. ரெண்டும் நீதான். ஒண்ணு எனக்குக் கை குடுத்துச்சு... இன்னொண்ணு ஏன்டா மூடியப் போட்டுச்சு?"