மணி அடிக்காத சாயங்காலம்

பழைய கம்ப்யூட்டர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு, தம்பி. சொன்னதை மட்டும் செய்யும்.

என் வீட்டுக்காரருக்கு அவைதான் உலகம். முன்னறையில் இருப்பதில் ஒரு சமயத்தில் ஒரு புரோகிராம்தான் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்றைக் கிட்டவே சேர்க்காது. "உன்னை மாதிரியே பிடிவாதம்டி" என்பார். அதற்காகப் பங்குபோடும் புரோகிராம் ஒன்று எழுதினார். அதை முதலில் ஏற்றிவிட்டால் மற்றவை சண்டையில்லாமல் சேர்ந்து ஓடும்.

பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சு போன பிறகு அதில் இரண்டு வேலை ஓடியது. படுக்கையறையில் அவர் பொத்தானை அழுத்தினால் நெட்வொர்க் வழியாக இங்கே மணி அடிக்கும். வெளியூரில் இருக்கும் மகள் அவரோடு எழுத்தில் அரட்டையடிப்பாள். என்னோடு அவள் பேசுவதில்லை. அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அப்பாவுக்கு முடியவில்லை என்றால் துடித்துப்போவாள் என்று, அவர் பெயரில் நானே எழுதினேன்.

"சாப்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா. நீ?"

நடுவில் மணி அடிக்கும். அவருக்குச் சளி அடைத்துக்கொள்ளும். நிமிர்த்தி உட்காரவைத்துத் துடைத்துவிட்டு வருவதற்குள் அவள் போயிருப்பாள். அப்படித்தான் ஒரு நாள், "அம்மாவுக்கு எம்மேல இன்னும் கோவமாப்பா?" என்று கேட்டாள். மணி அடித்தது. திரும்பி வந்தால், "சரி விடுங்க, நாளைக்குச் சொல்லுங்க" என்றிருந்தது.

மறுநாள் பங்குபோடும் புரோகிராமை நான் ஏற்றவில்லை. அரட்டை மட்டும். மறதி என்று முதலில் உங்களிடம் சொன்னேன், நீங்களும் தலையாட்டினீர்கள்.

"கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சும்மா. உன்னையே நெனச்சுக்கிட்டு கெடக்கா."

"நெஜமாவாப்பா? அவங்களே சொன்னாங்களா?"

"அவளுக்கு சொல்ல வாய் வராதும்மா. நான்தான் சொல்லணும்."

அவள் அங்கே அழுதாள், நான் இங்கே அழுதேன். யாரும் குறுக்கே வரவில்லை.

படுக்கையறைக் கதவு திறந்துதான் இருந்தது. பொத்தான் டக், டக் என்று அழுந்துவது எனக்குக் கேட்டது. வேகமாக, பிறகு விட்டு விட்டு, பிறகு இல்லை. ஆனால் மணி அடிக்கவில்லையே, தம்பி. மணி அடித்தால்தானே நான் எழுந்து போக வேண்டும்?

ஒரே ஒரு உதவி. அந்தக் கம்ப்யூட்டரை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். சாயங்காலம் அவள் அரட்டைக்கு வருவாள். அப்பா நன்றாக இருக்கிறார் என்று ஒரு வரி எழுதிவிட்டு உங்களோடு ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். அவரை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?