ஒரு புடலங்காயின் குறுக்குவெட்டு

என்னை நம்பி யாரும் வீட்டுச் சாவியைத் தரலாம். கந்தப்போடி அண்ணை தந்தார். கனடாவில், ஸ்காபரோவில் அவர் வாங்கிய வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்றில் ஒரு வருடம் குடியிருந்தேன். ஒரு வெங்காயத்தைக்கூடக் கேட்காமல் எடுத்ததில்லை.

நான் செடிகொடிகளை நீர்வண்ணத்தில் வரைகிறவன். பூவை அழகாகக் கீற ஆயிரம் பேர் உண்டு. எங்கள் மரபு வேறு. இலை, பூ, காய், காயின் குறுக்குவெட்டு, விதை எல்லாம் உள்ள அளவில் உள்ளபடி இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் படம் பொய். பொய் எனக்குப் பிடிக்காது.

1987 கோடையில் அண்ணை பின்வளவில் புடலை போட்டார். மட்டக்களப்பை விட்டு வெளிக்கிட்டபோது மனைவி கோணேஸ்வரி அக்கா அவருடைய சட்டைக்குள் வைத்துத் தைத்து அனுப்பிய மூன்று விதைகள். இரண்டு அழுகிவிட்டன. மூன்றாவது பந்தலேறிப் பூத்தது. இந்த ஊர்ப் பூச்சிகள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அண்ணை கேட்டதால் நான்தான் என் மெல்லிய தூரிகையால் ஆண்பூவைத் தொட்டுப் பெண்பூவில் தடவிவிட்டேன். ஒரேயொரு காய் பிடித்தது. அந்த வகையில் நானும் அதற்குத் தகப்பன் முறை. இதை ஒருவரும் யோசிப்பதில்லை.

அண்ணை காயின் நுனியில் கல்லுக் கட்டித் தொங்கவிட்டார். ஒஷாவாவில் வேலை முடிந்து வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் போய்ப் பார்ப்பார். நாலு வருடமாகக் காணாத மனைவி வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குகிறார்.

"ஒருத்தரும் தொடப்படாது தம்பி. அவ வந்து தன்ட கையால ஆயட்டும்," என்றார்.

"ஓம் அண்ணை," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஆனால் பாருங்கள், கண்காட்சிக்குப் படம் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். குறுக்குவெட்டுக்கான இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. உள்ளே எப்படி இருக்கும் என்று ஊகித்தும் கீறலாம். ஊகித்துக் கீறுகிற ஆட்களை எனக்குத் தெரியும். அவர்களோடு நான் கதைப்பதில்லை.

புதன்கிழமை காலை, அண்ணை வேலைக்குப் போனதும், கத்தியைக் கழுவித் துடைத்துக்கொண்டு வளவுக்குப் போனேன்.

வெட்டுமுகத்தில் ஆறு விதைகள், இன்னும் முற்றாதவை. மத்தியானத்துக்குள் வரைந்து முடித்தேன். மிச்சத்தை எறிய மனம் வரவில்லை. சாப்பாட்டுச் சாமானை வீணாக்கி வளர்ந்தவன் அல்ல. தேங்காய்ப்பால் விட்டு வெள்ளைக்கறி வைத்தேன். யன்னலைத் திறந்துவிட்டுத்தான் சமைத்தேன். மேலே மணம் போனால் அண்ணைக்கு வீண் மனவருத்தம்.

பின்னேரம் அவர் வெறும் கொடியைப் பார்த்தபடி நின்றார். "ரக்கூன் வந்த மாதிரிக் கிடந்தது அண்ணை," என்றேன். வளவுகளில் களவெடுத்துத் தின்கிற பிராணிதானே, அதனால் ரக்கூனுக்கு ஒரு மானக்கேடும் இல்லை. அவர் புல்லில் குந்தி, கீழே கிடந்த கல்லைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. தோளில் தட்டிக்கொடுத்தேன்.

படத்துக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. கண்காட்சி முடிந்ததும் சட்டம் போட்டு அவர்களுக்கே கொடுத்தேன். என்னைவிடப் பெருந்தன்மையானவர்கள் இருக்கலாம், நான் கண்டதில்லை.

ரக்கூன் கதையை அண்ணை ஏற்கெனவே அக்காவுக்குச் சொல்லியிருந்தார். அக்கா படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். அது அவருடைய அம்மாவின் வளவு விதையாம். அந்த வளவை எரித்துவிட்டார்களாம். வட்டமாக வெட்டிய காயின் மேல் விரலை வைத்து விதைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"ஒண்டும் முத்தல்ல," என்றார். "முளைக்காது." பிறகு, என் பக்கம் திரும்பாமலே, "கறி வெச்சாலும் கசந்துதான் இருந்திருக்கும், என்ன தம்பி?" என்றார்.

உள்ளதை உள்ளபடி சொல்லிப் பழகியவன் நான். பிழையான விவரம் ஒன்றைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

"இல்லையக்கா," என்றேன். "கசக்கவேயில்லை."

அண்ணை தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். சாவியைத் தா என்று கையை மட்டும் நீட்டினார். உண்மை பேசுகிறவனுக்கு இந்த ஊரில் வாடகைக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.