செந்தமிழ்ச்செல்விக்கு ஓய்வு தேவைப்பட்டது

எங்கள் குடியிருப்பில் வெள்ளிக்கிழமை மதியச் சமையல் என்னுடையது, மேடம். விமானம் ஓட்டுகிறவனுக்கு நெத்திலிக் குழம்பு வைக்கத் தெரியுமா என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு நன்றாகவே வரும். நான் வேலை பார்த்த வளைகுடா நாட்டில் வெளிநாட்டு விமானிகளுக்கென்று உயரமான மதில் எழுப்பி வரிசையாக வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஆனால் ஹாலந்துக்காரர் வில்லெம், எகிப்துக்காரர் கரீம், தென்னாப்பிரிக்காவின் பீட்டர் எல்லோரும் என் வீட்டு மேசைக்கு வந்துவிடுவார்கள். என்னை மேட் என்று கூப்பிடுவார்கள். மதிவாணன் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

என் மனைவி வற்புறுத்தினாள். அவளும் அதே கம்பெனியில் துணை விமானி. சென் என்று சுருக்கப் பார்த்த வில்லெமை நிறுத்திவைத்து, சாப்பாடு ஆறிப்போகும் வரை செந்தமிழ்ச்செல்வி என்று முழுதாகச் சொல்லிப் பழக்கினாள். அவள் குணம் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சாப்பிட்ட பிறகு விவாதம் நடக்கும். பெரும்பாலும் ஒரே விஷயம்தான். அந்த நாட்டில் குடும்ப விசாவில் இருக்கும் பெண் எல்லை தாண்ட வேண்டுமென்றால் கணவனுடைய போனுக்கு ஒரு செய்தி வரும். அவன் சம்மதம் என்று அமுக்கினால்தான் அவள் விமான நிலையத்தைத் தாண்டலாம். உள்ளூர்ப் பெண்களுக்கு அப்பாவோ அண்ணனோ அமுக்க வேண்டும். இது சிறை என்பார் வில்லெம். நாம் பிழைக்க வந்தவர்கள், அவர்கள் பண்பாட்டில் நமக்கென்ன என்பார் பீட்டர். கரீமுக்குக் கோபம் வரும். "எங்க வீட்டுப் பொம்பளைங்களக் காப்பாத்தச் சொல்லி உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?" என்பார்.

கடைசியில் நான் பேசுவேன். நெல்லித்தோப்பில் பிறந்தவன், அப்பா பஞ்சாலைத் தொழிலாளி, யூனியன் கூட்டத்தில் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன். எனக்குப் பேச வரும். பண்பாடு என்று சொல்லிக்கொள்கிறவன், பெரும்பாலும் அதனால் தனக்கு எந்தச் சிரமமும் இல்லாதவன்தான் என்று ஒருமுறை சொன்னேன். கரீம்கூடத் தலையாட்டினார். செல்வி மட்டும் தட்டுகளை எடுத்துக்கொண்டே, "மதி, உனக்கு அந்த மெசேஜ் வந்தா நீ எத அமுக்குவ?" என்று தமிழில் கேட்டாள். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

செல்விக்கு ஊர் காலாப்பட்டு. மீன்பிடிக் குடும்பம். அப்பா இறந்த பிறகு, அம்மா ரஞ்சிதம் படகை விற்று மகளை விமானப் பயிற்சிக்கு அனுப்பினார். அவர் மொபெட்டில் கூடையைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக மீன் விற்பவர். அத்தை மேல் எனக்கு மரியாதை உண்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன ஆண்டு செல்வி கேப்டன் தேர்வு எழுதினாள். முதல் முறையிலேயே தேறினாள். எனக்கு இரண்டு முறை ஆயிற்று. ஆனால் இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவளைக் கேப்டனாக்கி ஐரோப்பாவில் ஒரு கிளையில் ஓராண்டு போடுவதாகச் சொன்னார்கள். தள்ளிப்போடலாமே என்றேன். "ஒரு வருஷம்தான மதி. நீ லீவுல வா, நான் லீவுல வரேன்" என்றாள். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. யாராவது சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. அவளுக்கு ஓய்வு தேவைப்பட்டது. அதை அவளுக்குத் தெரியாமல்தான் கொடுக்க முடியும் என்று எனக்குப் பட்டது.

அவள் தினமும் பாலில் சத்துமாவு கலந்து குடிப்பாள். ஊரிலிருந்து அத்தை அரைத்து அனுப்புவது. அந்த டப்பாவில் தூக்க மாத்திரையைப் பொடித்துக் கலந்தேன். மாத்திரை எப்படிக் கிடைத்தது என்பதை முதல் விசாரணையிலேயே உங்களிடம் சொல்லிவிட்டேன். என் கையால் ஒருமுறைகூட நான் அவளுக்கு அதைக் கொடுத்ததில்லை. அவளே கலந்தாள், அவளே குடித்தாள்.

விமானத்தில் ஏறும் முன்பு சில நாட்கள் திடீரென்று மருந்துப் பரிசோதனை செய்வார்கள். அது எனக்குத் தெரியும். அவள் விமானம் ஓட்டும் நாட்களில் டப்பாவை மாற்றிவைத்தேன், பயணிகள் இருக்கிறார்கள் அல்லவா. ஆனால் உடம்பில் தங்கியிருப்பது பரிசோதனையில் தெரிந்துவிடும். அதுவும் எனக்குத் தெரியும். ஒருநாள் தெரிந்தது. உரிமத்தை நிறுத்தினார்கள், வேலையை விட்டு எடுத்தார்கள். அந்த ஊர்ச் சட்டப்படி சிறைக்கே போயிருக்க வேண்டியவள். நான்தான் ஓடி ஓடி ஒவ்வொருவர் காலாகப் பிடித்து வழக்கில்லாமல் முடித்தேன். வில்லெம் என்னைக் கட்டிப்பிடித்து, உன்னைப்போல ஒரு கணவன் கிடைக்க வேண்டும் என்றார்.

"நான் எதுவும் சாப்புடல மதி. சத்தியமா" என்றாள் செல்வி.

"நான் நம்புறேன்" என்றேன். அவளை நம்பிய ஒரே ஆள் நான்தான். எனக்குத்தான் தெரியுமே.

வேலை விசா போனதும் அவளை என் குடும்ப விசாவில் சேர்த்துக்கொண்டேன். சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் முடியைக் கொடுத்தால், எப்போதிலிருந்து மருந்து உடம்பில் இருந்தது என்று சொல்லிவிடுவார்களாம். அதற்குப் போக வேண்டும் என்று டிக்கெட் எடுத்தாள். என் போனுக்குச் செய்தி வந்தது. சம்மதம், மறுப்பு என்று இரண்டு கட்டம். கட்டைவிரல்தான் மேடம், அவ்வளவு சிறிய விஷயம். அவளை விமான நிலையத்தில் திருப்பி அனுப்பினார்கள். சிஸ்டம் கோளாறு என்று சொல்லிக் கூட்டிவந்தேன். அவள் வண்டியில் அழவில்லை. பெட்டியை மடிமேல் வைத்துக்கொண்டு, சீட் பெல்ட்டைப் பிடித்தபடி வந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தச் சட்டத்தைப் பற்றி இன்னும் நன்றாகப் பேசினேன். உள்ளிருந்து தெரிந்துகொண்டு பேசுவது வேறு.

பிறகு நான் நீண்ட விடுப்பு எடுத்து அவளைப் புதுச்சேரிக்கே அழைத்து வந்தேன். கருவடிக்குப்பத்தில் எங்கள் வீடு புதிது. வாசலில் கிரில் போட்டேன், மாடிப்படிக்கு ஒன்று போட்டேன். சாவி என் சட்டைப்பையில் இருக்கும். மயக்கத்தில் எழுந்து தெருவில் போய் விழுந்துவிட்டால் யார் பொறுப்பு? அவள் போனை நான் வைத்துக்கொண்டேன். பேசினால் களைத்துப்போவாள். பக்கத்து வீட்டு தேவதாஸ் ஐயா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, வெளியே பார்க்கும்போதெல்லாம் "மதாம் எப்படி இருக்காங்க?" என்று கேட்பார். ஓய்வில் இருக்கிறாள் என்பேன். "பாவம். நீங்க இருக்கீங்களே, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்வார்.

செல்வி பாதி நாள் தூங்கினாள். மீதி நேரம் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பாள். விமானச் சத்தம் கேட்டால், எந்த ரகம் என்று முன்பெல்லாம் பார்க்காமலே சொல்வாள். ஒருநாள் கேட்டேன். தெரியவில்லை என்றாள். "மதி, எனக்கு மூள கொழம்பிடுச்சா? நானே மாத்தர போட்டுட்டு மறந்துட்டனா?" என்றாள். அப்படியும் இருக்கலாம், கவலைப்படாதே, நான் இருக்கிறேன் என்றேன். அன்றைக்கு என் தோளில் சாய்ந்து வெகுநேரம் இருந்தாள். கல்யாணமான பிறகு அவள் என்னிடம் அத்தனை நெருக்கமாக இருந்ததில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

அன்று வெயில் அதிகம். மதியம் அத்தை வந்தார். மீனெல்லாம் விற்றுவிட்டு, மகளுக்கென்று கொஞ்சம் வஞ்சிரம் எடுத்து வைத்திருந்தார். கிரில்லைத் திறந்துவிட்டேன். நான் அடுக்களையில் மீனை வாங்கிக் கழுவிக்கொண்டிருந்தேன். செல்வி அடுப்பில் பால் காய்ச்சி, டம்ளரில் சத்துமாவு கலந்து, கூடத்துக்கு எடுத்துப்போனாள்.

"என்னாடி இப்படி எளச்சிட்ட? கண்ணு உள்ள போயிடுச்சி" என்றார் அத்தை.

"தூக்கமா வருதும்மா. எந்நேரமும்."

"எங்கூட வந்து ஒரு வாரம் இரு. கடக்காத்து பட்டா எல்லாம் சரியாப்புடும். மாப்ள, நான் கூட்டிட்டுப் போறனே?"

டாக்டர் அலையக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். எந்த டாக்டரும் அவளைப் பார்க்கவில்லை. அத்தை அதற்குமேல் கேட்கவில்லை. படித்தவன், விமானம் ஓட்டுகிறவன் என்று என்மேல் அவருக்கு நம்பிக்கை.

செல்வி டம்ளரை வாயருகே கொண்டுபோய் இறக்கினாள். "கொமட்டுதும்மா. நீ குடி. வெயில்ல வந்துருக்க."

"உனக்குக் கலந்தத எனக்குக் குடுக்குறியே."

"குடிம்மா. நீ அரச்ச மாவுதான."

நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். கையில் மீன் வாசம். டம்ளர் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனதைப் பார்த்தேன். அத்தை மொபெட்டில் வந்திருக்கிறார் என்பதும், காலாப்பட்டு வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போக வேண்டும் என்பதும், அந்தச் சாலையில் பேருந்துகள் எப்படி வரும் என்பதும் எனக்குத் தெரியும். வேண்டாம் அத்தை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஏன் வேண்டாம் என்று செல்வி கேட்பாள். அவள் கேள்வி கேட்காமல் விடுகிற ஆள் இல்லை. தட்டிவிட்டுக் கீழே கொட்டியிருக்கலாம், கால் தடுக்கியதுபோல. அது எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று வக்கீல் சொல்லச் சொன்னார், ஆனால் தோன்றியது. நாலடி நடப்பதற்கு நேரமும் இருந்தது. அந்த வாசற்படியில் நான் எங்கேயும் போக முடியாமல் மாட்டிக்கொண்டு நின்றேன், மேடம். அந்த வீட்டில் அடைபட்டிருந்தது அவள் மட்டும் இல்லை. அதை யாரும் கேட்பதில்லை.

அத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். நான் டம்ளரை வாங்கிப்போய்க் கழுவி வைத்தேன். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை. இங்கேயே அசந்துவிட்டால் செல்வி பார்த்துவிடுவாள். வண்டியைத் தள்ளிக் கொடுத்தேன். மெதுவாகப் போங்கள் அத்தை என்றேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் மெதுவாகப் போகத்தான் சொன்னேன்.

பல்கலைக்கழக வாசல் வருவதற்குச் சற்று முன்னால், எதிரே வந்த சென்னைப் பேருந்தின் பக்கம் வண்டி தானாகச் சாய்ந்தது என்று ஓட்டுநர் சொல்லியிருக்கிறார். அத்தையின் தலை அதற்கு முன்பே தொங்கிவிட்டது என்றும் சொல்லியிருக்கிறார். அது உண்மையாகத்தான் இருக்கும்.

செய்தி வந்தபோது செல்வி விழித்திருந்தாள். அன்று அவள் குடிக்கவில்லை, அதனால் தூங்கவில்லை. அழுதுகொண்டிருந்தவள், ஓட்டுநர் சொன்னதைக் கேட்டதும் நிறுத்தினாள். விபத்து விசாரணை எப்படி நடக்கும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுக்களைக்குப் போனாள். டப்பாவை எடுத்தாள். என் முன்னால் வந்து உட்கார்ந்து, மாவில் ஒரு கரண்டி அள்ளி நீட்டினாள்.

"சாப்புடு மதி."

நான் சாப்பிடவில்லை.

அவள் கத்தவில்லை. என் சட்டைப்பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். நான் தடுக்கவில்லை. டப்பாவை இடுப்பில் அணைத்துக்கொண்டு கிரில்லைத் திறந்து போனாள். பிரேதப் பரிசோதனையில் மருந்து இருந்ததாகச் சொல்கிறீர்கள். டப்பாவிலும் அதே மருந்து என்கிறீர்கள். ஆமாம். கலந்தது நான். அவள் வேலை போகும் என்று தெரிந்து கலந்தேன். அத்தை குடித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரைக் கொன்றது நான்தான், இதில் உங்களுக்கு எந்தச் சிரமமும் வைக்க மாட்டேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு இடத்தில் உங்கள் அறிக்கை தவறு. கருவடிக்குப்பத்திலிருந்து இந்த ஸ்டேஷன் வரை அவள் தனியாக நடந்து வந்து புகார் கொடுத்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நடக்காத காரியம், மேடம். நான் இல்லாமல் அவளுக்கு எங்கேயும் போகத் தெரியாது. யாரோ கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அது யார் என்று விசாரியுங்கள்.